செத்தவருக்கு இருபத்தொரு சதவீதம்

வெர்லின் ஹாவ்லண்ட் நவம்பர் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அயோவா மாநிலத்து எல்க் பெண்ட் ஊரில் தன் வீட்டுச் சமையலறையில், இரண்டாவது இறைச்சி உருண்டைக்குக் கை நீட்டியபோது செத்துப்போனார். ஆனால் அறுபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்களிடம் அவருடைய செல்வாக்கு அந்த வாரம்தான் முதல்முறையாகப் பதினைந்து சதவீதத்தைத் தொட்டிருந்தது. ஆகவே விஷயத்தை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவாயிற்று. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்து, கண்களை மூடிவிட்டு, பையைப் பூட்டிக்கொண்டிருந்தபோது வெர்லின் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டு, காபி ஆறிப்போயிருக்குமே என்றார். இரண்டு முறை மாநில ஆளுநராக இருந்தவர், இப்போது அதிபர் பதவிக்குப் போட்டியிடுகிறவர், எழுபது வயது, சொந்த வீடு, எதிரில் மனைவி. அப்படிப்பட்டவரிடம் அந்த நேரத்தில் போய் நீங்கள் செத்துவிட்டீர்கள் என்று சொல்வதை அயோவாவில் எந்த வீட்டிலும் மரியாதை என்று சொல்ல மாட்டார்கள். டாக்டர் கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க என்று சொல்லிவிட்டு, வாசல்வரை வந்த மனைவி ஆர்டிஸிடம் மட்டும் மெதுவாக உண்மையைச் சொன்னார். யாரும் எடுத்துச் சொல்லாதவரை இப்படியே நடமாடுவார், சொன்னால் படுத்துவிடுவார் என்றும் சொன்னார். அந்த மாவட்டத்துக்கு இது புதிதில்லை. ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர் செத்த பிறகும் அரைப் பருவம் முழுக்கப் பிள்ளைகளை நேரம் தவறாமல் கொண்டுபோய் விட்டிருக்கிறார். சிகாகோவிலிருந்து வந்த ஒரு தற்காலிக ஆசிரியை வாயைத் திறந்ததால்தான் அவர் ஸ்டியரிங்கிலேயே சாய்ந்தார், பேருந்தும் வாய்க்காலில் இறங்கியது. அந்த ஆசிரியையை ஊர் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தப் பக்கத்து மனிதர்களைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வராது. வீட்டுக்கு வந்தவர் கொண்டுவந்த கேக் கல்லாக இருந்தால் 'வித்தியாசமா இருக்கே' என்பார்கள். நிலத்தை விலைக்குக் கேட்டால் 'யோசிப்போம்' என்பார்கள், பேரன் காலம்வரை யோசிப்பார்கள். இப்படிப்பட்ட மாநிலத்தில்தான், கட்சியின் சார்பில் அதிபர் தேர்தலுக்கு யார் நிற்பது என்கிற போட்டி நான்கு வருடத்துக்கு ஒருமுறை தொடங்குகிறது. ஒன்பது வேட்பாளர்கள் அந்தக் குளிர்காலத்தில் அயோவாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போன வீட்டிலெல்லாம் வீட்டுக்காரர்கள் கேக் கொடுத்து, 'உங்கள எங்களுக்குப் பிடிக்கும்' என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்பது பேருக்கும் சொன்னார்கள். இதில் எது உண்மை என்று பிரித்துச் சொல்வதற்காகவே பாஸ்டனிலிருந்து நீனா கோர்மன் என்ற பெண்ணை வெர்லின் சம்பளத்துக்கு வைத்திருந்தார். எந்த வகை மனிதருக்கு இவரைப் பிடிக்கிறது, விதவைகளா, பன்றிப் பண்ணைக்காரர்களா, கல்லூரிப் பிள்ளைகளா, எத்தனை பேர், எதனால் என்று அளந்து சொல்வது அவள் வேலை. ஆர்டிஸ் போனில் விஷயத்தைச் சொல்ல, செவ்வாய்க்கிழமை மாலையே அவள் வந்துவிட்டாள். ஆர்டிஸின் கையைப் பிடித்து முறையாகத் துக்கம் விசாரித்தாள். பிறகு சமையலறைக் கதவிடுக்கு வழியாக வெர்லினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நடக்கிறாரு, பேசுறாரு. பிப்ரவரி வரைக்கும்தான் கேக்கிறேன், ஆர்டிஸ். இங்க அயோவாவுல தேர்தல் முடிஞ்ச மறுநாள் நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க. அதுக்கு முன்னாடி வேண்டாமே, ப்ளீஸ்."

"தரை இறுகிடும். மண்ணு இறுகினா குழி தோண்ட முடியாதுன்னு சர்ச்சுல சொல்றாங்க."

"ஏப்ரல்ல இளகிடுமே," என்றாள் நீனா, அது தன் ஏற்பாடு என்பதுபோல.

ஆர்டிஸ் சரி என்றாள். மறுக்கத் தெரியாததால் சரி என்றாள் என்று ஊரில் சொல்வார்கள், அது பாதி உண்மை. இன்னொரு பாதி, வெர்லின் ஆளுநராக இருந்த எட்டு வருடமும் அவரை அவள் பெரும்பாலும் செய்தியில்தான் பார்த்தாள். பதவி முடிந்த அன்று, 'இனி மிச்சமெல்லாம் உனக்கு' என்று அவர் சொன்னார். அந்த மிச்சம் ஒரு வருடம்கூட ஓடவில்லை, இந்தப் போட்டியில் இறங்கிவிட்டார். இப்போது செத்தும் போய்விட்டார். ஆனாலும் சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டுகிற கணவனைப் போய் யாரால் மண்ணுக்கு அனுப்ப முடியும்? பிப்ரவரிவரை வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசை அவளுக்கும் இருந்தது. அந்த ஆசைக்காக அவள் பிறகு தன்னைத்தானே கடுமையாகத் திட்டிக்கொண்டாள்.

நீனா முதலில் செய்த காரியம் தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தது. ஒரு வேட்பாளர் இறந்துவிட்டார் என்று தெரிந்தால் அவரை ஆதரிக்கும் எண்ணம் உங்களுக்குக் கூடுமா, குறையுமா, மாறாதா? பத்தில் ஆறு பேர் மாறாது என்றார்கள். ஒருவர் கூடும் என்றார். மற்றவர்கள், அவர் காதில் விழாமல் இருக்குமா என்று கேட்டுக்கொண்ட பிறகு, கொஞ்சம் குறையும் என்றார்கள். இது அவள் எதிர்பார்த்ததைவிட நல்ல நிலவரம். டிசம்பருக்குள் நிலவரம் இன்னும் நன்றாயிற்று. லூத்தரன் சர்ச் விதவைகளுக்கு அவரை ரொம்பவும் பிடித்துப்போனது. அவர் குறுக்கே பேசவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை, ஒருத்தி தன் இடுப்பு அறுவைச் சிகிச்சையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னபோது கண் இமைக்காமல் கேட்டார். பன்றிப் பண்ணைக்காரர்கள், கொட்டிலுக்குள் வந்து மூக்கைப் பொத்தாமல் நின்ற முதல் வேட்பாளர் இவர்தான் என்று தங்களுக்குள் வியந்துகொண்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள், இந்த ஆள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும்போது அதில் அவருக்கென்று எந்த லாபமும் இல்லை, அதனால் நம்பலாம் என்றார்கள். தொழிற்சங்கத்தார் மட்டும் தயங்கினார்கள். ஓய்வும் சாப்பாடும் இல்லாமல் நாள் முழுக்க வேலை செய்கிற ஒருவரை ஆதரித்தால் முதலாளிகளுக்கு அது கெட்ட முன்மாதிரியாகிவிடும் என்பது அவர்கள் கவலை. டபியூக் நகரத்துக் கத்தோலிக்கர்கள் ஆயர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள். ஆயர் ஒன்றும் சொல்லவில்லை, அவரும் அயோவாக்காரர்தான்.

ஓர் இடத்தில்தான் காரியம் கெட இருந்தது. மார்ஷல்டவுனில் இறைச்சித் தொழிற்சாலைத் தொழிலாளர்களைச் சந்திக்கப் போனார்கள். பெரும்பாலும் குவாத்தமாலாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்தவர்கள். கத்தி ஓடுகிற வேகத்தைக் குறைக்கச் சட்டம் வருமா, விரல் போனால் யார் பார்ப்பது என்று கேட்க வந்திருந்தார்கள். முன் வரிசையில் எவுலாலியா என்ற மூதாட்டி. வலது கையில் இரண்டு விரல் இல்லை. அவள் வெர்லினை மேலும் கீழும் பார்த்தாள், சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள், எழுந்து அவர் கன்னத்தைத் தடவினாள்.

"ஐயோ, சாமி. உங்களுக்கு யாரும் மெழுகுவத்திகூட ஏத்தலையா? இப்படியா நடுரோட்ல அலைய விடுவாங்க!"

அவள் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்குள் நீனா வெர்லினை அவருடைய கோட்டோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த மக்கள் பிரிவு கணக்கிலிருந்தே நீக்கப்பட்டது. அவர்களுக்குச் செத்தவர்களோடு பழகத் தெரிந்திருந்தது, அதுதான் குறை. கத்தியின் வேகத்தைப் பற்றிய கேள்விக்கு இன்றுவரை பதில் போகவில்லை. காரில் திரும்பும்போது, அந்தக் கிழவிக்கு இருந்த இரக்கம் எனக்கு இல்லாமல் போயிற்றே என்று ஆர்டிஸ் தன்னையே நொந்துகொண்டாள்.

கார் என்றால் ஹீட்டர் போடாத கார். வெளியே உறைநிலைக்குக் கீழே இருபது பாகை. வெர்லின் கெடாமல் இருக்க அந்தக் குளிர் வேண்டியிருந்தது. ஜனவரி நமக்குச் சாதகமான மாதம் என்று நீனா சந்தோஷமாகச் சொல்வாள், அவள் ஹீட்டர் போட்ட இன்னொரு காரில் பின்னால் வருவாள். மூன்று கம்பளி போர்த்திக்கொண்டு கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸுக்குக் கால் விரல்கள் வீங்கி ஊதா நிறமாயின. மனைவி பக்கத்தில் நின்றால் நான்கு சதவீதம் கூடுகிறது என்று கணக்கு வந்திருந்தது, அதனால் அவளை வீட்டில் விட முடியாது. சூடுபடுத்திய அரங்குகளில் இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதனால் கூட்டங்களைக் களஞ்சியங்களில் வைத்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் பசு மடிக்குத் தடவுகிற களிம்பை எடுத்து அவர் கைகளுக்கு அவளே தடவுவாள். தோல் வெடித்துப் போயிருக்கும், உள்ளே ரத்தம் இருக்காது. அப்போதெல்லாம் அவர் ஒரு கேள்வி கேட்பார்.

"எனக்கு என்னமோ ஆயிருக்கு, ஆர்டிஸ். பசியே எடுக்கல. உன் உருண்டை மண்ணு மாதிரி இருக்கு வாயில. என்ன ஆச்சு எனக்கு?"

"அலைச்சல். வேற ஒண்ணுமில்ல."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமா."

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒவ்வொரு முறையும் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பாவம், பயந்துபோயிருக்கிறார், என்னைத் தவிர அவருக்குக் கேட்க ஆள் இல்லை, நானே பொய் சொல்கிறேன் என்று அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். நாற்பத்தொரு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய்கள் எல்லாம் சேர்த்தாலும் அந்தக் குளிர்காலத்துப் பொய்க்கு ஈடாகாது. பிப்ரவரி வந்துவிடும், வந்ததும் அவரைச் சமையலறையில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லி, படுக்கவைத்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொள்வாள். என்ன சொற்களில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

அயோவாவில் இந்த ஒரு தேர்தலுக்குச் சீட்டும் கிடையாது, திரைமறைவும் கிடையாது. ஒரே மாலையில் மாநிலம் முழுக்க அக்கம்பக்கத்தார் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில் கூடி, தங்கள் வேட்பாளருடைய மூலையில் போய் நிற்பார்கள். தலைகளை எண்ணுவார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலை கலைந்துவிடும், அதில் நின்றவர்கள் வேறு மூலைக்குப் போக வேண்டும். யார் எங்கே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும், மறுநாள் கடையில் அதே முகங்களைத்தான் பார்க்க வேண்டும். எல்க் பெண்டில் அன்று இருநூறு பேர் வந்தார்கள். மிளகாய் போட்ட அவரைக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் இருந்தன. வெர்லின் சொந்த ஊரில் தானே வந்து நிற்பது நல்லது என்று நீனா சொல்லியிருந்தாள், கூடத்தின் வடக்குக் கதவைத் திறந்துபோடவும் ஏற்பாடு செய்திருந்தாள். பனிக்காற்று நேராக அடிக்கிற அந்த மூலையில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வெர்லின் நின்றார்.

எண்ணிப் பார்த்தபோது அவர் மூலையில் இருபத்தொன்பது பேர். முப்பதுக்கு ஒரு தலை குறைந்தது. பார்த்தால், வேட்பாளரின் மனைவி காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே கோப்பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். எந்த மூலையிலும் இல்லை. ஆர்டிஸ் அதை முன்கூட்டியே யோசித்துவைத்திருந்தாள் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு தலை குறைகிறது என்று கேட்டதும் அவள் கால்கள் நகரவில்லை. சொந்த ஊரிலேயே தோற்றால் கதை முடிந்தது, இன்றே வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம். நீனா கண்ணால் கெஞ்சினாள். ஆர்டிஸ் சர்க்கரை போட்டுக் கலக்கினாள், அவள் காபிக்குச் சர்க்கரையே போடுவதில்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அவள் இருநூறு பேர் முன்னால் முடியாது என்று சொன்னாள், வாயைத் திறக்காமலே.

அவளைத் தோற்கடித்தவன் டுவேன் ஸ்டால். பன்றிப் பண்ணைக்காரன், முப்பது வருட அயல்வீட்டுக்காரன். அன்று கிழக்கத்தி செனட்டர் ஒருவருக்குத் தெற்கு மூலையில் அவன்தான் தலைவன், சட்டை நிறைய அவர் பெயர் போட்ட வில்லைகள். வெர்லின் அவன் பக்கம் திரும்பிப் பார்த்தார். சும்மா பார்த்தார், அவ்வளவுதான். டுவேனுக்கு வியர்த்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினான்.

"என்னப்பா பண்றது, அந்த மனுஷன் மூஞ்சிய பாத்துக்கிட்டு இங்க எப்படி நிக்கிறது? போய் நிக்கலன்னா, அது மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடுமே!"

சொல்லிவிட்டுக் கூடத்தைக் குறுக்காகக் கடந்து வெர்லின் மூலையில் போய் நின்றான். அவன் பின்னால் அவன் மனைவி, அப்புறம் டாக்டர், அப்புறம் தபால் அலுவலகத்து சகோதரிகள், அப்புறம் ஊரே. கடந்து போகும்போது எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிற மாதிரி சிரித்தார்கள். வடக்கு மூலையில் இடம் போதாமல் கதவுக்கு வெளியே பனியிலும் நின்றார்கள். அதே மாலையில் மாநிலம் முழுக்க, வெர்லின் நேரில் இல்லாத ஊர்களில்கூட, அவர் படத்தைப் பார்த்துவிட்டு அதே சங்கடத்தில் அதே காரியத்தைச் செய்திருக்கிறார்கள். ஒன்பது பேர் பங்குபோட்ட களத்தில் வெர்லின் ஹாவ்லண்ட் இருபத்தொரு சதவீதத்தோடு முதலிடத்துக்கு வந்தார். எந்தப் பிரிவில் எத்தனை என்று நீனா பிறகு அலசியபோது, அவரைப் பிடித்துப்போய் வந்தவர்களையும் மரியாதைக்கு வந்தவர்களையும் அவளால் பிரிக்க முடியவில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் காலை ஆர்டிஸ் சமையலறை ஜன்னல்களைத் திறந்துவைத்து, வெர்லினை உட்காரவைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் விமான நிலையத்துக்குப் போகக் கார் நின்றது. ஒத்திகை பார்த்த சொற்கள் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"வெர்லின், நீ செத்துட்ட. நவம்பர்லயே. இதே நாற்காலியில. நான்தான் சொல்லல. என்னை மன்னிச்சிடு."

அவர் சாய்வார் என்று தலையணை ஒன்றைப் பக்கத்தில் தயாராக வைத்திருந்தாள். அவர் சாயவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"டாக்டர் வாசல்ல உங்கிட்ட குசுகுசுன்னாரே, அப்போலேர்ந்து. செத்த பிறகு காது நல்லா கேக்குது."

ஆர்டிஸ் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "அப்புறம் ஏன் தெனம் தெனம் என்னைக் கேட்ட?" என்றாள். "எனக்கு என்ன ஆச்சு, என்ன ஆச்சுன்னு கையப் பிடிச்சுக்கிட்டு கேட்டியே. நான் பாத்ரூம்ல போய் அழுதது உனக்கு தெரியுமா?"

"அதுவும் கேட்டுச்சு." அவர் குரலில் வருத்தம் இல்லாமல் இல்லை, ஒரு கூட்டத்தில் வயலை இழந்த விவசாயியிடம் பேசுகிற அளவுக்கு இருந்தது. "ஒரு தடவ கேட்டா பத்தாது, ஆர்டிஸ். தெனம் கேட்டாத்தான் நெலவரம் தெரியும். நாப்பத்தோரு வருஷம் கூட இருந்தவ நீ. நீயே சொல்லலைன்னா, அயோவால எவனும் சொல்ல மாட்டான்னு கணக்கு. நீ ஒருத்திதான் எனக்கு அளவுகோல். நீனா கணக்கெல்லாம் அப்புறம்தான்."

"சொன்னா படுத்துடுவேன்னாரே டாக்டர்..."

"படுக்கணும்னு நெனைக்கிறவன் படுப்பான்." எழுந்தார். "அடுத்த போட்டி நியூ ஹாம்ப்ஷயர்ல. அங்க விதவைங்க நெறைய பேராம். நீ வந்தா நல்லாருக்கும்."

ஆர்டிஸ் போகவில்லை. இந்த முறை வாயைத் திறந்தே முடியாது என்றாள். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் புறப்பட்டார். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் எதையும் மூஞ்சிக்கு நேராகச் சொல்கிறவர்கள் என்பதால் நீனாவுக்கு ஒரு பயம் இருந்தது. முதல் சாப்பாட்டுக் கடையிலேயே ஒரு லாரி ஓட்டுநர், யோவ், நீ செத்த ஆளுய்யா என்று கத்தினான். ஆமாம், உங்க குறை என்ன, சொல்லுங்க என்றார் வெர்லின். அந்த வாரம் லாரி ஓட்டுநர்களிடையே ஆறு சதவீதம் கூடியது. அதற்குப் பிறகு பத்திரிகைகளும் அதைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டன. அவருடைய வரிக் கொள்கையைப் பற்றி மட்டும் எழுதின.

ஏப்ரலில் மண் இளகியதும் ஆர்டிஸ் சவ அடக்கம் வைத்தாள். வேட்பாளரைக் கேட்கவில்லை, தேதியை மட்டும் சர்ச் வாசலில் ஒட்டச் சொன்னாள். சுமப்பவர்களுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று சவப்பெட்டிக்குள் விதைச் சோள மூட்டைகளை ஒரு மனிதனின் எடைக்கு அடுக்கினாள், மேலே அவருடைய பழைய வேலைச் சட்டையைப் போர்த்தினாள். ஊர் முழுவதும் வந்தது. விஸ்கான்சினிலிருந்து பென்சில்வேனியா போவதற்கு நடுவில் வெர்லினும் அரை மணி நேரம் வந்தார், தன் அடக்கத்துக்குத் தானே வராமல் இருந்தால் முதியவர்களிடம் எடுபடாது என்று கணக்கு சொல்லியிருந்தது. வெயில் ஏறிவிட்டதால் அவரிடமிருந்து லேசாக வாடை வந்தது, யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கும்போது டுவேனுக்கும் மற்றவர்களுக்கும் கயிறு கையில் வழுக்கியது.

"இவ்ளோ கனமா என்னத்த வெச்சிருக்க உள்ள?" என்று மனைவியின் காதருகே கேட்டார் வெர்லின்.

"என் புருஷனை," என்றாள் ஆர்டிஸ்.

அவர் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து, தெரியாத ஒருவருடைய அடக்கத்தில் நிற்க வேண்டிய அளவு நேரம் நின்றார். பிறகு கார் கிளம்பிப் போயிற்று. ஆர்டிஸ் முதல் பிடி மண்ணைப் போட்டாள். சர்ச்சுக்குக் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி சாண்ட்விச் வைத்திருந்தார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, நல்ல மனுஷன், உன்மேல எவ்வளவு உயிரா இருந்தார் என்று சொல்லச் சொல்ல, அவள் குழாய் எதையும் திறந்துவிடாமல் வாய்விட்டு அழுதாள். அன்றிலிருந்து எல்க் பெண்டில் அவளை விதவை என்றே சொல்கிறார்கள். காபிக் கடைக்கு அவள் வந்தால், தொலைக்காட்சியில் வேட்பாளர் பேசிக்கொண்டிருந்தாலும் யாராவது எழுந்து போய் வேறு சேனலுக்கு மாற்றிவிடுவார்கள், அவளும் நன்றி சொல்லிவிட்டு உட்காருவாள்.